சாவி யாரிடம் இருக்கிறது?

வாசகர் கேள்வி – பதில்

உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளில் கணினி, டிவி, புரொஜெக்டர், செல்போன் எல்லாம் எந்த அளவுக்குப் புழங்குகின்றன என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். பாதிக் கடிதங்கள் ஆசிரியர்களைக் குறை சொல்கின்றன. மீதிப் பாதியில் ஆசிரியர்கள் கருவிகளைக் குறை சொல்கிறார்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் எடுத்திருக்கிறோம்.

எங்க பள்ளியில ஸ்மார்ட் போர்டு வந்து ரெண்டு வருசமாச்சுங்க. பதினெட்டு ஆசிரியர்கள்ல மூணு பேர்தான் தொடறாங்க. பயிற்சிக்கும் அனுப்பிப் பாத்தாச்சு. மத்தவங்களுக்கு மனசே வர மாட்டீங்குது. அவங்க மனசை எப்படிங்க மாத்தறது?
– தலைமையாசிரியை, காங்கயம் வட்டம்

மனசு இருக்கட்டும் அம்மா, அந்த அறையின் சாவி யாரிடம் இருக்கிறது?

பெரும்பாலும் கணினி ஆசிரியரிடம் இருக்கும். அவர் வேறொரு வகுப்பில் இருப்பார். பையனை அனுப்பிச் சாவி வாங்கிவர 4 நிமிடம். பிள்ளைகளை அந்த அறைக்கு நடத்திப்போய் உட்காரவைக்க 5. கணினி கண் திறக்க 3. சத்தம் வராமல் ஒயரைப் பிடுங்கிச் சொருக இன்னொரு 3. ஆக 40 நிமிடப் பாடவேளையில் 15 போயிற்று, திரும்பி வர 5 போகும். மிச்சமுள்ள 20 நிமிடத்தில் பாடத்தை முடிக்க வேண்டியவர் சாக்பீஸைக் கையில் எடுத்தால் அதைச் சோம்பல் என்று சொல்ல முடியாது. அவர் கணக்குப் போட்டுத்தான் எடுக்கிறார்.

அடுத்தது ஸ்டாக் ரிஜிஸ்டர். ஒன்றரை லட்ச ரூபாய்ப் பொருள் தன் கையில் பழுதானால் சம்பளத்தில் பிடிப்பார்களோ என்ற பயத்தை யாரும் கூட்டத்தில் எழுந்து சொல்ல மாட்டார்கள். மூன்றாவது, நாற்பது பிள்ளைகள் முன்னால் பேனா எழுதாமல் நிற்கும் அந்த அரை நிமிடம். இருபது வருடம் கரும்பலகையில் தடுமாறாத ஆளுக்கு அது பெரிய அவமானம்.

பெக்கி எர்ட்மர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1999-ல் இந்தத் தடைகளை இரண்டாகப் பிரித்தார். கருவி, நேரம், பயிற்சி, உதவிக்கு ஆள் ஆகியவை வெளித்தடைகள். கற்பித்தல் பற்றிய நம்பிக்கை, தன்மேல் உள்ள துணிவு ஆகியவை உள்தடைகள். உங்கள் கடிதம் முழுப் பழியையும் இரண்டாவதன் தலையில் வைக்கிறது. முதலாவதைச் சரிசெய்யாமல் இரண்டாவது பேச்சுக்கு வர முடியாது. அதற்குப் பத்து வருடம் முன்பே, 1989-ல், ஃப்ரெட் டேவிஸ் என்பவர் சொன்னதும் இதே பக்கம்தான்: இதனால் பயன் உண்டா, இதைக் கையாள்வது எளிதா என்று ஆள் இரண்டு கேள்வி கேட்பான், இரண்டுக்கும் ஆமாம் வந்தால்தான் கை நீளும்.

செய்ய வேண்டியவை. சாவியை அலுவலக ஆணியில் மாட்டி, பக்கத்தில் ஒரு நோட்டு கட்டித் தொங்கவிடுங்கள். எடுப்பவர் பெயரும் நேரமும் எழுதினால் போதும். 'வகுப்பு நேரத்தில் இயல்பாக ஏற்படும் பழுதுக்கு ஆசிரியர் பொறுப்பாக மாட்டார், அன்றே நோட்டில் குறித்தால் போதும்' என்று சுற்றறிக்கை எழுதி உங்கள் கையெழுத்தைப் போடுங்கள். இந்த ஒரு தாள் மூன்று நாள் பயிற்சியைவிட அதிக வேலை செய்யும். பிள்ளைகளை நடத்துவதற்குப் பதில், ஒரு வாரம் முழுக்க ஒன்பதாம் வகுப்பு 'அ' பிரிவை அந்த அறையிலேயே உட்காரவையுங்கள், ஆசிரியர்கள் மாறி வரட்டும். அடுத்த வாரம் 'ஆ' பிரிவு. காலை வழிபாட்டுக்கு முன் போர்டை இயக்கிச் சத்தம் சோதிக்க மூன்று பிள்ளைகளைப் பொறுப்பாக்குங்கள். அந்த மூன்றில் ஒருவராவது பெண்பிள்ளையாக இருக்கட்டும், இல்லாவிட்டால் கருவி ஆம்பளைப் பசங்க சமாச்சாரமாகிவிடும்.

தொட்ட இடத்தில் எழுதாமல் நாலு விரல் தள்ளி எழுதுகிறதா? புரொஜெக்டர் மேலிருந்து அடிக்கும் வகைப் போர்டுகளில், புரொஜெக்டர் கொஞ்சம் அசைந்தாலும் இது வரும். அமைப்பில் 'கேலிப்ரேஷன்' என்று இருக்கும். திரையில் தோன்றும் புள்ளிகளை வரிசையாகப் பேனாவால் தொட்டால் ஒரு நிமிடத்தில் சரியாகும். இது தெரியாமல் 'போர்டு கெட்டுப்போச்சு' என்று துணி போட்டு மூடிய பள்ளிகள் உண்டு.

பயிற்சியை மாவட்டத் தலைநகரில் அறுபது பேரோடு நடத்துவதைவிட உங்கள் ஆசிரியர் அறையில் 20 நிமிடம் நடத்துவது மேல். நாளைக்கு ஆசிரியர் எடுக்கப்போகும் பாடத்தையே எடுத்துக்கொள்ள வேண்டும். சொல்லிக்கொடுக்க, போர்டைத் தொடும் அந்த மூன்று ஆசிரியர்களில் கெட்டிக்காரரைக் கூப்பிடாதீர்கள், கொஞ்சம் தடுமாறி நடத்துபவரைக் கூப்பிடுங்கள். 'இவரே பண்றார்னா நாமளும் பண்ணலாம்' என்று தோன்ற வேண்டும். இலக்கு, ஆளுக்கு வாரம் ஒரு முறை, ஒரு முறைக்கு 7 நிமிடம். ஒரு மாதத்துக்கு அதற்கு மேல் கேட்காதீர்கள்.

பிற நாடுகளில் இதெல்லாம் தானாக நடக்கிறது என்று நினைக்க வேண்டாம். வளர்ந்த நாடுகள் பல சேர்ந்த ஓஇசிடி அமைப்பின் 2018 ஆசிரியர் கணக்கெடுப்பில், கருவிகளோடு கற்பிக்கத் தங்கள் ஆசிரியர் படிப்பிலேயே பயிற்சி பெற்றதாகச் சொன்னவர்கள் சராசரியாக 56 சதவீதம். நன்றாகத் தயாரானோம் என்றவர்கள் 43 சதவீதம்தான். இந்தியா அந்தக் கணக்கெடுப்பில் இல்லை.

டெக்னாலஜின்னாலே எங்களுக்கு எமிஸ்ல ஏத்தறதுதானுங்க. அதுக்கே பொழுது பத்தல. வகுப்புலயும் அதையே பண்ணோணும்னா எப்படிங்க?
– பட்டதாரி ஆசிரியர், பவானி

நியாயமான கோபம். எமிஸ் என்ற அரசின் பள்ளி விவரத் தளத்தில் பதிவேற்றும் வேலையும் பாடம் நடத்தும் வேலையும் ஒரே செல்போனில் நடப்பதால், அதிகாரி 'தொழில்நுட்பம்' என்றாலே ஆசிரியர் காதில் 'இன்னொரு படிவம்' என்று விழுகிறது. தலைமையாசிரியர்கள் கையில் உள்ள ஒரு நிவாரணம்: ஸ்மார்ட் வகுப்பு நடத்தியதற்கு ஆதாரமாகப் போட்டோ அனுப்பச் சொல்வதை நிறுத்துவது. போட்டோவுக்காக டிவியைப் போட்டு, எடுத்ததும் அணைக்கும் வகுப்பால் யாருக்கும் லாபமில்லை. வகுப்புக்கான கோப்புகளைச் சொந்த போனில் வைக்காமல் ஒரு பென்டிரைவில் வைத்துக்கொண்டால், பாடத்தின் நடுவே பதிவேற்ற நினைவூட்டல் வந்து குறுக்கிடாது.

புரொஜெக்டர் இருபது நிமிசம் ஓடுது, அப்புறம் தானா நின்னுருதுங்க. பத்து நிமிசம் கழிச்சுப் போட்டா மறுக்கா ஓடுது. ஆடி மாசத்துல ரொம்ப மோசம். கம்பெனிக்காரங்க விளக்கு மாத்தோணும்னு சொல்றாங்க.
– அறிவியல் ஆசிரியர், உடுமலைப்பேட்டை

விளக்கை மாற்றக் காசு கட்டாதீர்கள், பொறுங்கள். விளக்கு தேய்ந்தால் படம் மங்கும், நிறம் மஞ்சளடிக்கும். ஓடி, சூடாகி, நின்று, ஆறி, மறுபடி ஓடுவது காற்றோட்டக் கோளாறு. நிற்கும்போது 'டெம்ப்' என்ற சிறு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் சந்தேகமே இல்லை.

ஆடி மாதம் என்று நீங்களே காரணத்தைச் சொல்லிவிட்டீர்கள். ஆனி தொடங்கிப் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று உடுமலை, பொள்ளாச்சி, தாராபுரம் பக்கமெல்லாம் செம்மண் புழுதியை அள்ளிவந்து ஜன்னல் வழியே கொட்டும். பல்லடம், சோமனூர்ப் பக்கம் அதோடு பஞ்சுத் தூசியும் சேரும். அது இன்னும் மோசம், வடிகட்டியில் கம்பளி போலப் படியும்.

மின்சாரத்தை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, அரை மணி நேரம் ஆறவிடுங்கள். பக்கவாட்டிலோ அடியிலோ உள்ள மூடியைத் திறந்தால் நுரை அல்லது வலை போன்ற வடிகட்டி வரும். வெளியே எடுத்துப்போய் மென்மையான பெயின்ட் பிரஷ்ஷால் ஒரே திசையில் தட்டுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரத்தில் புழுதி சேறாகிவிடும். கையேட்டில் சொல்லாவிட்டால் தண்ணீரில் கழுவ வேண்டாம். சில வகைகளில் வடிகட்டியே இருக்காது, அவற்றில் காற்றுத் துளைகளைச் சுத்தம் செய்தால் போதும். மற்ற மாதங்களில் மாதம் ஒரு முறை, ஆனி முதல் ஆவணி வரை பதினைந்து நாளுக்கு ஒரு முறை. துளைகளைச் சுற்றி ஒரு அடி இடைவெளி இருக்க வேண்டும். சுவரை ஒட்டியோ நோட்டுக் கட்டின் மேலோ வைத்தால் எத்தனை துடைத்தும் பயனில்லை. மேலே தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ என்றால், விட்டத்தில் மாட்டுவதற்குப் பதில் மேசையில் வையுங்கள். மேலே தேங்கும் சூடு கீழே இருக்காது.

இன்னொன்று. பாடம் முடிந்த அவசரத்தில் சுவர் சுவிட்சைத் தட்டிவிடுகிறார்கள். விளக்கு வகைப் புரொஜெக்டரில் ரிமோட்டால் அணைத்து, விசிறி நிற்கும்வரை ஒன்றிரண்டு நிமிடம் காத்திருந்து, அப்புறம்தான் சுவிட்ச். கரண்ட் போனால்? 600 விஏ யுபிஎஸ் ஏறக்குறைய 360 வாட் தாங்கும். புரொஜெக்டரும் கணினியும் சேர்ந்தால் அதை எட்டிவிடும். உள்ளே இருக்கும் 7 ஏஎச் பேட்டரி சில நிமிடம்தான் நிற்கும். அந்த நேரம் முறையாக அணைப்பதற்கு, பாடத்தைத் தொடர்வதற்கல்ல. அதே யுபிஎஸ்ஸில் லேசர் பிரிண்டரைச் சொருகவே கூடாது, ஒரு தாள் அச்சடிப்பதற்குள் மொத்தமும் விழும்.

எங்களுக்கு 43 அங்குல டிவி குடுத்திருக்காங்க. கடைசி பெஞ்சுக்குத் தெரியறதில்லைன்னு பசங்க சொல்றாங்க. அதனாலயே நான் போடறதில்லை.
– கணித ஆசிரியை, கோபிசெட்டிபாளையம்

பிள்ளைகள் சொல்வது சரி. விதி எளியது: எழுத்தைப் படிக்க வேண்டுமென்றால், கடைசி ஆள் திரை உயரத்தைப் போல 6 மடங்குக்குள் உட்கார வேண்டும். சும்மா வீடியோ பார்க்க 8 மடங்கு வரை போகலாம். 43 அங்குல டிவியின் உயரம் சுமார் 21 அங்குலம். ஆக படிக்க பத்தரை அடி, பார்க்க 14 அடி. 65 அங்குல டிவிக்கே படிக்க 16 அடிதான். உங்கள் வகுப்பறை 24 அடி நீளமென்றால் 4 அடி உயரப் படம் வேண்டும், அதற்குப் புரொஜெக்டர்தான்.

இருப்பதை வைத்துச் செய்ய வழி உண்டு. ஒரு திரையில் 7 வரிக்கு மேல் போடாதீர்கள். ஒவ்வோர் எழுத்தும் டிவி திரையில் ஸ்கேலால் அளந்தால் ஒன்றரை அங்குலம் இருக்கட்டும். ஆங்கிலத்துக்குச் சொல்லும் அளவு தமிழுக்குப் போதாது, கொம்பும் சுழியும் புள்ளியும் முதலில் மறையும். சோதனை: கடைசி பெஞ்சில் நீங்களே உட்கார்ந்து ன, ண, ள, ழ நான்கையும் பிரித்துப் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். ஜன்னல் வெளிச்சம் திரையில் விழும் வகுப்புகளில் வெள்ளைப் பின்னணியில் கருப்பு எழுத்துப் போடுங்கள், கருப்புப் பின்னணியில் கண்ணாடி போல வெளிச்சம் பிரதிபலிக்கும். டிவியைத் தரையிலிருந்து 4 அடிக்கு மேல் அடிவிளிம்பு வருமாறு மாட்டினால் முன்வரிசைத் தலைகள் மறைக்காது.

கணக்குக்கு இன்னொரு வழியும் சொல்லலாம். ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் முக்கோணம் வரைந்து, அடிப்பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு போட்டு, முனையை இழுத்துக் காட்டுங்கள். பக்கங்கள் மாறும், விகிதம் மாறாது. தேல்ஸ் தேற்றம் இரண்டு நிமிடத்தில் கண்ணில் நிற்கும். நிரூபணத்தைத் திரையில் ஓட்ட வேண்டாம், கரும்பலகையில் வரி வரியாக எழுதுங்கள். பத்தாம் வகுப்புத் தேர்வில் செய்முறை வடிவியலும் வரைபடமும் ஆளுக்கு 8 மதிப்பெண். அதைக் கவராயமும் ஸ்கேலும் பிடித்த கைதான் வாங்கித் தரும், திரை வாங்கித் தராது.

எனக்கு வயசு 54. இன்னும் ஆறு வருசம். இனிமே கம்ப்யூட்டர் கத்து நான் என்னத்தப் பண்ணப் போறேன்? பசங்க முன்னாடி தப்பாப் போனா சிரிப்பாங்க. தமிழுக்கு இதெல்லாம் தேவையாங்க?
– தமிழாசிரியர், நாமக்கல்

பிள்ளைகளிடமே கொடுத்துவிடுங்கள் ஐயா. கணினியை இயக்குவது ஒரு மாணவன் வேலை, எப்போது நிறுத்துவது, என்ன கேட்பது என்பது உங்கள் வேலை. 'கண்ணு, அதை நிறுத்து' என்று சொல்லத் தெரிந்தால் போதும். யாரும் சிரிக்க மாட்டார்கள், அடுத்த முறை யார் இயக்குவது என்று சண்டைதான் வரும்.

தமிழுக்குத்தான் அதிகம் தேவை என்போம். யாப்பைப் பாருங்கள். வெண்பாவுக்குச் செப்பலோசை, ஆசிரியப்பாவுக்கு அகவலோசை, கலிப்பாவுக்குத் துள்ளலோசை, வஞ்சிப்பாவுக்குத் தூங்கலோசை என்று எழுதிப் போட்டு மனப்பாடம் செய்யவைக்கிறோம். ஓசையைக் காதால் கேட்காமல் ஓசையின் பெயரை மட்டும் படிப்பது என்ன படிப்பு? உங்கள் செல்போனின் ஒலிப்பதிவை எடுத்து, நான்கு பாவுக்கும் ஆளுக்கொரு பாடல், ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், உங்கள் குரலிலேயே பதிவு செய்யுங்கள். மின்விசிறியை அணைத்து, போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். வகுப்பில் பாவின் பெயர் சொல்லாமல் போட்டுக் காட்டி எது என்று கேளுங்கள். இதற்கு இணையமும் வேண்டாம், போர்டும் வேண்டாம், ஒரு சின்ன ஸ்பீக்கர் போதும். பழைய நூல் தேவைப்பட்டால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகமும், 1998 முதல் நடக்கும் மதுரைத் திட்டமும் காசில்லாமல் தருகின்றன.

தட்டச்சு கற்க ஆசையிருந்தால் தமிழ்99 விசைப்பலகையை எடுங்கள். உயிர் இடது கையில், மெய் வலது கையில். இலக்கணம் தெரிந்தவருக்கு அது சொந்தக்காரர் மாதிரி. அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டினால் 'அம்மா' வந்துவிடும், ஒரே மெய் இரட்டித்தால் புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். 'ந'வை அடுத்து 'த' வந்தாலும் அப்படித்தான். தினம் அரை மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு மாதத்துக்குள் வினாத்தாள் அடிக்கலாம்.

பலரும் வெறுத்துப்போகும் இடம் எழுத்துருதான். பாமினியிலோ வானவில்லிலோ அடித்த வினாத்தாளை வேறு கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். கோப்பு கெடவில்லை, அந்தக் கணினியில் அந்த எழுத்துரு இல்லை, அவ்வளவே. பழையவற்றை எழுத்துரு மாற்றியில் ஒட்டி யூனிகோடாக்குங்கள், புதியவற்றை யூனிகோடிலேயே அடியுங்கள். அச்சகத்துக்கு அனுப்பும்போது பிடிஎஃப்பாக மாற்றி அனுப்புங்கள். மாற்றிய பிறகு ஸ்ரீ, க்ஷ, ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு ஆகியவற்றை ஒரு முறை கண்ணால் பார்த்துவிடுவது நல்லது.

மலையில நெட்டே கிடைக்கறதில்லை. பாடநூல்ல இருக்கற கியூஆர் கோடு சுத்திக்கிட்டே நிக்குது.
– ஆசிரியை, தாளவாடி

வகுப்பில் நெட்டை நம்பவே வேண்டாம், நகரத்துப் பள்ளிகளுக்கும் இதே பதில்தான். நாற்பது பிள்ளைகள் ஆளுக்கொரு வீடியோவைத் திறந்தால், ஒன்றுக்கு ஒரு எம்பிபிஎஸ் (நொடிக்கு ஒரு மெகாபிட்) வேகம் என்று வைத்தாலே 40 எம்பிபிஎஸ் வேண்டும். வீட்டு உபயோக வைஃபை பெட்டி அத்தனை பேரை ஒரே நேரத்தில் தாங்காது.

சத்தியமங்கலம் இறங்கும் நாளில் திக்ஷா செயலியில் அந்தப் பாடத்தைத் தரவிறக்கி வையுங்கள், பிறகு நெட் இல்லாமலே ஓடும். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் அறிவியல் மாதிரிகள் ஒவ்வொன்றும் ஒற்றைக் கோப்பாக இறங்கும், பிரவுசரில் இழுத்துப் போட்டால் போதும். சிலவற்றுக்குத் தமிழ் வடிவமும் உண்டு. பத்தாம் வகுப்பு ஒளியியலுக்கும் மின்னோட்டவியலுக்கும் மிகவும் உதவும். ஜியோஜீப்ராவையும் கணினியில் நிறுவிவிட்டால் இணையம் கேட்காது.

பென்டிரைவை டிவியில் சொருகினால் வரும் தொல்லைகள் மூன்று. டிவி பென்டிரைவையே காணாவிட்டால் அதை ஃபேட்32 ஆக ஃபார்மேட் செய்யுங்கள், பழைய கோப்புகள் அழியும், முதலில் நகல் எடுங்கள். அந்த முறையில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. படம் தெரிந்து சத்தம் வராவிட்டால் ஒலியின் வகை டிவிக்குப் புரியவில்லை. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் எம்பி4, எச்264, ஒலி ஏஏசி, 720பி என்று மாற்றுங்கள். கோப்பே பட்டியலில் தெரியாவிட்டால் பெயரைச் சுருக்கி 01, 02 என்று எண்ணிட்டுப் பாருங்கள்.

பாடம் நடத்தத் தெரியாதவர்கள்தான் வீடியோ போடுவார்கள். தவறா?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ராசிபுரம்

பாதி சரி. கணினிக்கு ஏராளமாகச் செலவழித்த நாடுகளில் 15 வயது மாணவர்களுக்குப் பல நாடுகளில் நடக்கும் பீசா தேர்வு மதிப்பெண்ணில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தெரியவில்லை என்று ஓஇசிடியின் 2015 அறிக்கையே ஒப்புக்கொண்டது. 2023-ல் யுனெஸ்கோ அறிக்கையும் கல்வித் தொழில்நுட்பத்தின் பயனுக்கு நல்ல ஆதாரம் குறைவு என்றது. 40 நிமிடம் வீடியோவை ஓடவிட்டு மூலையில் உட்காருவது கற்பித்தலே இல்லை என்பதில் உங்களோடு நிற்கிறோம்.

மீதிப் பாதியில் வேறுபடுகிறோம். குவிலென்ஸின் கதிர்ப்படத்தைக் கரும்பலகையில் கோடு கோடாகப் போடுவதை எந்தத் திரையும் மிஞ்சாது, பிள்ளை கோடு வரும் வரிசையைப் பார்க்கிறது. ஆனால் பொருளை லென்ஸை நோக்கி நகர்த்தும்போது பிம்பம் பெருத்துப் பின்னோக்கி ஓடி, குவியத்தைத் தாண்டியதும் சட்டென்று நேராக நிற்பதைக் கரும்பலகையில் காட்ட முடியாது. அசைவது, மிகச் சிறியது, மிக மெதுவாக நடப்பது, ஆபத்தானது, இந்த நான்குக்கும் திரை. மற்றதற்குச் சாக்பீஸ். வீடியோ 7 நிமிடம் என்றால் மூன்று இடத்தில் நிறுத்த வேண்டும்: தொடங்கி ஒரு நிமிடத்தில் 'அடுத்து என்ன ஆகும், நோட்டில் எழுது' என்று, நடுவில் சத்தத்தை அணைத்து ஒரு மாணவனை விளக்கச் சொல்லி, முடிவுக்குச் சற்று முன். நிறுத்தும் நொடிகளை முந்தின நாளே தாளில் குறித்திருக்க வேண்டும். இப்படிச் செய்பவருக்கு நீங்கள் சொன்ன குறை பொருந்தாது.

எங்கூட்டுல ஒரே போனுங்க. அதையும் எம்பட ஊட்டுக்காரரு பனியன் கம்பெனிக்குக் கொண்டு போயிர்றாரு, வர்றதுக்கு ராத்திரி ஒம்பது ஆயிருது. டீச்சர் வீட்டுப்பாடத்தை வாட்ஸப்புல போடறாங்க. பையன் மறுநா திட்டு வாங்கறான்.
– ஒரு தாய், திருப்பூர்

வகுப்பாசிரியரை நேரில் பார்த்து இதையே இப்படியே சொல்லுங்கள் அம்மா, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்கள் ஊரில் பல வீடுகளில் இதே நிலைதான். ஆசிரியர்கள் கவனத்துக்கு: வீட்டுப்பாடம் பள்ளி முடியும் முன் பலகையில் எழுதப்பட வேண்டும், வாட்ஸப் அதன் நகலாக மட்டும் இருக்கட்டும். போன் தேவைப்படும் வேலைக்கு மூன்று நாள் தவணை கொடுங்கள், அதில் ஒரு ஞாயிறு வரட்டும். குழுவில் 'பார்த்தவர்கள்' பட்டியலை வைத்துப் பிள்ளையைக் கண்டிக்காதீர்கள். குழுவில் மதிப்பெண் பட்டியலும் பிள்ளைகளின் படமும் போடுவது வேறு தொல்லை. 2023-ன் மின்னணு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழுள்ளவர்களைக் குழந்தைகளாகக் கொண்டு, அவர்கள் விவரத்தைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் கேட்கிறது.

எம்.எட். ஆய்வுக்கு, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களின் தொழில்நுட்ப மனப்பான்மை என்று தலைப்பு எடுத்திருக்கிறேன். மாதிரிப் படிவத்தில் 'தொழில்நுட்பம் கற்பித்தலுக்கு உதவும்' என்பதற்கு அத்தனை பேரும் 'முழுமையாக உடன்படுகிறேன்' என்கிறார்கள். எங்கே தவறு?
– மாணவி, ஈரோடு

தவறு கூற்றில் இருக்கிறது. 'பெரியவர்களை மதிக்க வேண்டுமா' என்று கேட்டால் யார் இல்லை என்பார்கள்? எல்லாரும் ஒரே பதில் தரும் கூற்று எதையும் அளக்காது, எடுத்துவிடுங்கள். அதற்குப் பதில் 'பாடம் முடிக்க வேண்டிய வாரத்தில் நான் திரையைத் தவிர்ப்பேன்' என்பது போலச் சூழ்நிலையோடு எழுதுங்கள். 'ஸ்மார்ட் போர்டு பயனுள்ளது, எளிதானது' என்பது இரண்டு கூற்று, உடைத்து எழுதுங்கள். 1932-ல் லிக்கர்ட் கொடுத்த ஐந்து படி அளவுகோலையே வையுங்கள், ஆனால் பாதிக் கூற்றுகள் எதிர்மறையாக இருக்கட்டும். மதிப்பிடும்போது அவற்றுக்கு 5-ஐ 1 ஆகவும் 4-ஐ 2 ஆகவும் திருப்ப மறந்தால் மொத்தக் கணக்கும் கெடும்.

மனப்பான்மையோடு பழக்கத்தையும் கேளுங்கள்: 'கடந்த 5 பள்ளி நாட்களில் எத்தனை பாடவேளையில் பயன்படுத்தினீர்கள்?' ஆர்வம் மேலே, பயன்பாடு கீழே என்று வந்தால் அந்த இடைவெளிதான் உங்கள் ஆய்வின் உயிர். அங்கே வசதி, நேரம், பயம் மூன்றையும் தனித்தனியாகத் துருவ வேண்டும்.

கூகுள் படிவம் மட்டும் அனுப்பாதீர்கள். தொழில்நுட்பம் பிடிக்காதவர் அதைத் திறக்கவே மாட்டார், உங்கள் மாதிரியில் ஆர்வமுள்ளவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். பாதியையாவது தாளில் கொடுங்கள். தலைமையாசிரியர் கையில் வாங்கித் தரச் சொன்னாலும் பதில் இனிப்பாகிவிடும். மூடிய உறை, பெயரில்லாத தாள், நீங்களே நேரில் வாங்குவது, இதுதான் முறை. முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதிக் கடிதத்தை முதலிலேயே பெற்றுவிடுங்கள், பள்ளி வாசலில் கேட்பார்கள்.

எத்தனை பேரிடம் கேட்பது என்பதற்கு யமனே சூத்திரம்: மொத்தம் 800 ஆசிரியர்கள், பிழை 0.05 என்றால், 800-ஐ 1 + 800 × 0.0025, அதாவது 3-ஆல் வகுக்க 267. படிவம் திரும்பாதவர்களுக்காக 320 பேருக்குக் கொடுங்கள். அதற்கு முன் வேறு 30 பேரிடம் முன்னோட்டம் பார்த்து, கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் குரோன்பாக் ஆல்ஃபா 0.7-க்குக் குறைந்தால் எந்தக் கூற்று இழுக்கிறது என்று பாருங்கள். பத்தில் ஒன்பது முறை திருப்ப மறந்த எதிர்மறைக் கூற்றாகத்தான் இருக்கும். கடைசியில், வயதும் மனப்பான்மையும் எதிராகப் போகின்றன என்று வந்தால் வயதுதான் காரணம் என்று எழுதிவிடாதீர்கள். மூத்தவர்களுக்குப் பத்தாம் வகுப்பைத் தருகிறார்கள், தேர்வு நெருக்கடியும் அங்கேதான்.

ஏஐ வைத்து வினாத்தாள் தயாரிக்கலாமா?
– ஆங்கில ஆசிரியர், கரூர்

தயாரிக்கலாம், நம்பக் கூடாது. நம் பாடநூலின் பக்கம் அதற்குத் தெரியாது. பாடத்தின் பத்தியை ஒட்டி 'இதிலிருந்து மட்டும்' என்று கேளுங்கள். 10 வினா வேண்டுமென்றால் 20 கேட்டுப் பாதியைக் கழியுங்கள். விடைக்குறிப்பை நீங்களே ஒரு முறை எழுதிப் பாருங்கள், நான்கு விருப்பத்தில் இரண்டு சரியாக வருவது அதன் வழக்கமான கோளாறு. தமிழ் வினா என்றால் ஒற்று மிகும் இடங்களைத் தமிழாசிரியர் கண்ணில் காட்டாமல் அச்சுக்கு விடாதீர்கள். மாணவர் பெயரோடு மதிப்பெண்ணை அதில் ஏற்ற வேண்டாம்.

மழைக்காலத்தில் பீரோவில் வைத்த மடிக்கணினிகள் ஜூனில் எடுத்தால் உயிரோடு இருக்கின்றன, ஆகஸ்டில் எடுத்தால் பாதி எழுவதில்லை.
– ஆசிரியர், வால்பாறை

ஈரமும் வற்றிய பேட்டரியும் சேர்ந்த வேலை. சார்ஜ் முழுக்க ஏற்றியோ முழுக்க வற்றவிட்டோ வைக்காதீர்கள், பாதி இருக்கட்டும். மாதம் ஒரு நாள் எல்லாவற்றையும் எடுத்து ஒரு மணி நேரம் ஓடவிட்டால், உள்சூட்டிலேயே ஈரம் போகும். பீரோவின் அடித்தட்டைக் காலியாக விட்டு, ஒவ்வொரு தட்டிலும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள், நிறம் மாறியதும் மாற்றுங்கள். எழாத கணினியைச் சார்ஜரில் அரை மணி நேரம் விட்டு, பவர் பொத்தானை 30 விநாடி அழுத்திப் பிடித்துவிட்டுப் பிறகு போட்டுப் பாருங்கள். அதற்கும் எழாதவற்றை மட்டும் கடைக்கு அனுப்பினால் போதும். இடி இறங்கும் மாலைகளில் மின் பிளக்கோடு நெட் ஒயரையும் சேர்த்துப் பிடுங்குங்கள், பலர் அந்த ஒயரை விட்டுவிடுகிறார்கள்.